கொசுறு

"ரெண்டு பேரக் குடுத்து ஒருத்திய வாங்குறதுக்குப் பேரு வியாபாரமாய்யா?" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து யாரோ கேட்டபோது, மகாதேவி கடைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் குந்தி, பூட்ஸில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். மார்கழித் தண்ணீரில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. கவுஞ்சியில் விடிந்தால் பூண்டு விலை, பொழுதடைந்தால் யானை வந்த கதை என்று பேசுகிற பெஞ்சு அது. ஒரு வாரமாக அங்கே வேறு பேச்சு கிடையாது. கவுஞ்சிப் பெண்கள் கால்பந்து அணி பெருமாள்மலை அணியிடமிருந்து ஷைலாவை வாங்கியிருந்தது. பதிலுக்கு ரோகிணியையும் மகாதேவியையும் கொடுத்திருந்தது. அடுத்த வருசம் கவுஞ்சியில் நடக்கவேண்டிய இறுதி ஆட்டத்தையும் பெருமாள்மலைக்கே விட்டுக்கொடுத்திருந்தது. இது ஏமாளித்தனம் என்று பாதி ஊரும், கோல் அடிக்க ஆளில்லாமல் எத்தனை வருசம் மண்ணைக் கவ்வுவது என்று மீதி ஊரும் நின்றது.

"ரெண்டு பேருன்னு எவன்யா சொன்னது?" இது கடைக்காரர் நாச்சிமுத்துவின் குரல். "அவங்க கேட்டது ரோகிணியத்தான். சின்னப் புள்ள, நல்லா ஓடும். மகாதேவி கொசுறு. மூட்டைக்கு மேல ரெண்டு கை அள்ளிப் போடுறதில்லையா, அது மாதிரி."

பெஞ்சு சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் சிரிப்பதுபோல லேசாகச் சிரித்தது. அதுதான் மகாதேவிக்குச் சுருக்கென்று ஏறியது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டலாம். அவள் குச்சியை எறிந்துவிட்டு, தண்ணீர் சொட்டும் பூட்ஸோடு கடையின் முன்பக்கம் வந்து நின்றாள். பெஞ்சு சட்டென்று மேகத்தைப் பார்த்தது. "டீ போடட்டுமாம்மா?" என்றார் நாச்சிமுத்து. அவள் சிவமுருகனின் குடோனை நோக்கி நடந்தாள்.

சிவமுருகன் பூண்டு வியாபாரி. அணியை உண்டாக்கியதே அவர்தான். பொம்பளைப் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்து உதைப்பதா என்று ஊர் மந்தையில் சத்தம் எழுந்தபோது, வீடு வீடாகப் போய்ப் பேசி, மாமியார்களின் வாயை அடைத்து, பூட்ஸும் பனியனும் வாங்கிக் கொடுத்தவர். அதை மகாதேவி என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் அவர் கொடுத்தது பூட்ஸைத்தான். அதற்குள் இருந்த கால் அவளுடையது. பிள்ளை பெற்று வருசம் திரும்புவதற்குள் மறுபடி களத்தில் இறங்கியவள் அவள். பகலெல்லாம் பூண்டுக்காட்டில் குனிந்து களை எடுத்துவிட்டு, மாலையில் அதே இடுப்போடு, கோல் விழாமல் மறிக்கும் பேக் ஆட நிற்பவள். போன வருசம் அரையிறுதி வரைக்கும் கவுஞ்சி ஒரே ஒரு கோல்தான் வாங்கியிருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. விழுந்த கோலைத்தான் ஊர் எண்ணும், விழாத கோலை யார் எண்ணுவார்கள்?

குடோனில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே சிவமுருகன் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே கையில் ஒட்டிய தோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னையக் கேட்டீங்களாண்ணே?"

"கேக்காம என்ன ஆத்தா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வேல சோலியில..."

"சொல்றது வேற, கேக்குறது வேற. கையெழுத்துப் போடுறதுக்கு மின்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மலை வட்டாரப் போட்டியில் அப்படி ஒரு விதி இருந்தது. ஓர் அணியில் பேர் பதிந்தவள், அந்த அணிப் பொறுப்பாளர் விட்டுக்கொடுத்தால்தான் வேறு அணிக்கு ஆடலாம். விட்டுக்கொடுத்துவிட்டால் பழைய அணியில் ஆட முடியாது. மறுத்தால் அந்த வருசம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"இந்தா பாரு மகாதேவி," என்றார் அவர் இறங்கிய குரலில். "மூணு வருசமா அரையிறுதியில வெளிய வாறோம். நம்மகிட்ட அடிக்க ஆளில்ல. அந்தப் புள்ள ஷைலா போன தடவ தனியா எத்தன அடிச்சான்னு நீயே பாத்த. ஒரு தடவ கப்ப நம்ம ஊருக்குள்ள கொண்டாந்துட்டா, அப்புறம் எந்த மாமியாரும் எந்த மருமகளயும் தடுக்க மாட்டா. ஊருக்காகத்தான செஞ்சேன்."

"ஊருக்காகன்னா, நான் எந்த ஊருங்கண்ணே?"

உள்ளே பூண்டு உரசும் சத்தம் நின்றிருந்தது. எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கணவன் கோகுல்ராஜ், "விடு, அவரு கூடுதலாக் குடுத்து ஏமாந்துட்டாருன்னுதான ஊரே சொல்லுது. உனக்கு அது பெருமதான?" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். கூடுதலா குறைவா என்று பேசுகிறவர்கள் எல்லோரும் தன்னைத் தராசில் ஏற்றிவிட்டுத்தான் பேசுகிறார்கள் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரோகிணிக்கோ சந்தோசம். அவள் கொடைக்கானலில் தங்கிப் படிக்கிற பிள்ளை, பெருமாள்மலை அவளுக்குப் பக்கம். "வாங்கக்கா, ஜாலியா ஆடுவோம்" என்று போனில் சொன்னாள். விளையாடாமல் வீட்டில் இருந்து காட்டலாம் என்று மகாதேவி இரண்டு நாள் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை, கீழ் மைதானத்திலிருந்து பந்து உதைபடும் சத்தம் காட்டு வரப்பு வரைக்கும் வந்தது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு நின்றுவிட்டாள். அந்தச் சனிக்கிழமை முதல் பஸ் ஏறினாள்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பெருமாள்மலைக்குப் பஸ் மாறுவதற்காக நின்றபோதுதான் ஷைலாவைப் பார்த்தாள். இவள் கீழே போக, அவள் மேலே கவுஞ்சிக்குப் போக. ஊதா ஸ்வெட்டர், தோளில் பை. ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. பஸ் படியில் அவள் ஏறுவதை மகாதேவி கவனித்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து, வலது காலை வைத்து, இடது காலைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தாள். கிழவிகள் ஏறுவது போல.

"முட்டியில என்னா?" என்றாள் மகாதேவி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று.

ஷைலா திடுக்கிட்டாள். "ஒண்ணுமில்லக்கா. லைட்டா பெய்ன். குளிருக்கு."

"குளிருக்குப் பிடிச்சா ரெண்டு காலும்ல பிடிக்கணும்."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து, "ஸ்கேன்ல லிகமென்ட் கிழிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்கக்கா. பேண்டேஜ் போட்டா ஆடலாம், வெளிய சொல்லாதன்னு ஜெரால்டு சார் சொன்னாரு. உங்க ஊர் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். இந்த சீசன் ஆடலன்னா என்னைய யாரு சேத்துப்பா?" என்றாள்.

ஜெரால்டு, பெருமாள்மலை அணியின் கோச். அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதான் தள்ளிவிட்டிருக்கிறான். பஸ் கிளம்பிப் போனது. மகாதேவிக்குள் முதலில் எழுந்தது இரக்கமல்ல, சந்தோசம். சூடான, அசிங்கமான சந்தோசம். சொத்தைப் பூண்டை முதல் தரம் என்று நினைத்து வாங்கிவிட்டார், தரம் பிரிப்பதில் மன்னன் என்று பேரெடுத்த சிவமுருகன். வேண்டும், நன்றாக வேண்டும். போனில் அவர் எண்ணை எடுத்துப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டாள். அவர் தன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? தான் மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்?

தை பிறந்து போட்டி தொடங்கியது. ஷைலா முதல் இரண்டு ஆட்டத்திலும் கோல் அடித்தாள். கவுஞ்சி பெஞ்சு சிவமுருகனைத் தலையில் தூக்கிவைத்தது. "ரெண்டு இல்ல, நாலு பேரக் குடுத்திருந்தாலும் தகும்" என்று நாச்சிமுத்து சொன்னாராம். மகாதேவி பெருமாள்மலைக்காகக் கல்லுப்போல நின்றாள். அவளைத் தாண்டிப் பந்து போவது அரிதாக இருந்தது. அங்கேயும் அதை யாரும் சொல்லவில்லை. ரோகிணியின் ஓட்டத்துக்குத்தான் கைதட்டல்.

அரையிறுதி கவுஞ்சிக்கும் பெருமாள்மலைக்கும் என்று அமைந்தது. ஆட்டம் கவுஞ்சி மைதானத்தில். தன் ஊர்க் களத்தில், எதிரணிப் பனியனில், மகாதேவி இறங்கினாள். மேட்டில் நின்ற கூட்டத்தில் அவளுடைய சின்ன மாமியாரும் இருந்தாள். இறங்குவதற்கு முன்னால் ஜெரால்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஷைலாவோட லெஃப்ட் சைடு வீக். புரியுதா? ஒரு டேக்கிள், டைட்டா. அப்புறம் அவ மேட்ச் முழுக்க வரமாட்டா."

"அந்த முட்டி எதனால போச்சு சார்? உங்களுக்காக ஆடித்தான?"

"கேம்னா அப்படித்தான் மகாதேவி. எமோஷன் வேணாம்."

அவனை அங்கேயே அறைந்திருக்கலாம். அந்த அறை அவள் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. ஆட்டம் முழுக்க அது அரித்துக்கொண்டே இருந்தது. அவள் பந்தை மட்டும் எடுத்தாள். ஷைலா வந்தபோதெல்லாம் முன்னால் போய்ப் பந்தைக் கொத்தி எடுத்தாள், காலின் பக்கம் போகவில்லை. இடைவேளைக்கு அப்புறமும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. மேகம் சோலைக்காட்டு விளிம்பிலிருந்து இறங்கத் தொடங்கியது.

உயரமாக வந்த ஒரு பந்தை ஷைலா மார்பில் வாங்கி இறக்கினாள். மகாதேவி ஒரு கை தூரத்தில் நின்றாள். ஷைலா இடது காலை ஊன்றித் திரும்பினாள். ஈரக் குச்சி முறிவது போல ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. அவள் அப்படியே மடிந்து விழுந்தாள். அதன் பிறகுதான் அலறல் வந்தது.

மேட்டிலிருந்து கல் வந்தது, பிறகு வசவு வந்தது. "சொந்த ஊர்க்காரியே ஒடிச்சிட்டாடா! நன்றி கெட்டவ!" இவள் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவள்தானா என்று ஒரு குரல் கேட்டது. குரல் யாருடையது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. சிவமுருகன் வேட்டியை மடித்துக் கட்டியபடி களத்துக்குள் ஓடிவந்தார். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"ஏன் மகாதேவி இப்பிடிச் செஞ்ச? கோவம் இருந்தா என்மேல காட்டியிருக்கலாம்ல? இந்தப் புள்ளைக்காக நான் என்னத்தக் குடுத்தேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்!" மகாதேவியின் குரல் மேட்டையும் தாண்டிக் கேட்டது. "என்னையத்தான குடுத்தீங்க!"

கூட்டம் அடங்கியது. அவள் திரும்பி ஜெரால்டைக் காட்டினாள். "நான் தொடல. அந்த முட்டி இங்க வாறதுக்கு மின்னாடியே கிழிஞ்சு கெடந்துச்சு. அந்தா நிக்கிறாருல்ல, அவரக் கேளுங்க. தெரிஞ்சுதான் வித்தாரு."

சிவமுருகன் ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்டு நடுவரைப் பார்த்தான். பிறகு இருவரும் எகிறினார்கள். ஏமாத்துக்காரன், பாத்து வாங்கறது உன் வேலை, ரோகிணியத் திருப்பி அனுப்பு, முடியாது, போட்டிக் கமிட்டியைக் கூப்பிடு. இரண்டு அணி ஆட்களும் அவர்களைச் சுற்றிக் கூடினார்கள். நடுவில் கிடந்த பெண்ணை விட்டுக் கூட்டம் மெல்ல நகர்ந்துபோனது. ரோகிணி மட்டும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மகாதேவி ஷைலாவின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள்.

"மகாதேவி, பொசிஷனுக்குப் போ!" என்று கத்தினான் ஜெரால்டு. "வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக கோகுல்ராஜ் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தான். பின்னால் வெற்றுச் சாக்குகளை விரித்து ஷைலாவைக் கிடத்தினார்கள். வண்டி மன்னவனூரைத் தாண்டும்வரை அவள் முனகிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு உருளாதபடி மகாதேவி அந்த முட்டியை இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அது உள்ளங்கைக்குள் வீங்கிக்கொண்டே போனது. பூம்பாறை விளக்குகள் கீழே தெரிந்தபோது ஷைலா கண்ணைத் திறந்தாள்.

"அக்கா. உங்களுக்குத் தெரியும்ல?"

"ம்."

"நான் சொல்லாதீங்கன்னு சொன்னேன். ஆனா நீங்க பெரியவங்க. நீங்க ஏன்க்கா சொல்லல?"

குளிர்காற்று பனியனுக்குள் புகுந்து அடித்தது. மகாதேவி வாயைத் திறந்தாள். சிவமுருகன், ஜெரால்டு, நாச்சிமுத்து, பெஞ்சு என்று ஒவ்வொருவராக நாக்கு நுனிவரை வந்தார்கள். ஒருவரும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. இத்தனை நாள் அடுத்தவர்மேல் எரிந்த தீ திரும்பி அவளையே பார்த்தது. அப்போதும் அணையவில்லை.

வண்டி சட்டென்று நின்றது. ஷைலா வீறிட்டாள்.

"என்னாங்க?"

"காட்டுமாடு," என்றான் கோகுல்ராஜ் தணிந்த குரலில். "தானாப் போகும். ஆரன் அடிக்கக் கூடாது."

சாலையின் குறுக்கே, மேகத்துக்குள், கரும்பாறை மாதிரி நின்றது அது. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் அதன் மூச்சு புகைந்தது. எங்கும் போகிற எண்ணம் அதற்கு இல்லை. ஷைலா பல்லைக் கடித்து அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகாதேவி அந்த முட்டியை மெதுவாகச் சாக்கின்மேல் இறக்கி வைத்தாள். பிறகு பக்கவாட்டில் கால்போட்டுக் குதித்தாள்.

"ஏய், மகா! ஏறு வண்டியில! முட்டித் தூக்கிரும்!"

பூட்ஸின் முட்கள் தார்ச்சாலையில் டக் டக்கென்று ஒலிக்க, அவள் விளக்கின் முன்னால் போய் நின்றாள். களத்தில் பந்தை மறிக்க நிற்பது போலவே, கால்களை அகட்டி, தோள்களை இறக்கி, கைகளை விரித்து நின்றாள்.

"நகரு," என்றாள்.

காட்டுமாடு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.