பகல் திரை

கிழக்கு ஆப்பிரிக்காவில் பெம்பாவுக்கு எதிரே இருந்த அந்தத் தீவில் பகலெல்லாம் கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியைத் திரையால் மூடி வைப்பார்கள். இல்லையென்றால் வெயில் அதில் குவிந்து எதிரே இருப்பதை எரித்துவிடும். விளக்குக்காரரின் மனைவி ஜுஹுராவுக்கு இது தெரியாததா? ஆனாலும் பெருநாள் வருகிறதே என்று திரையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். சாயங்காலம் மீன்காரர் மகாமேயின் ஓலைக்கூரை பற்றிக்கொண்டது.

தீ அணைந்த பிறகுதான் ஜுஹுரா ஓடிவந்தாள். "சிகரெட்டப் புடிச்சே வீட்டக் கொளுத்திட்டியே, பாவி!" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள்.

"நோன்பு வச்சிக்கிட்டு யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களாக்கா?" என்றார் மகாமே. பிறகு கையிலிருந்த கருகிய துணியைக் கூச்சத்தோடு நீட்டினார். "மன்னிச்சிருங்க. ஒங்க கொடியில கெடந்தத உருவிட்டு வந்துதான் தீய அடிச்சேன். பாழாப்போச்சு."

ஜுஹுரா அண்ணாந்து பார்த்தாள். திரையில்லாத கண்ணாடி தகதகத்தது. துணியை வாங்க அவளுக்குக் கை நீளவில்லை.