நடுவரின் சின்ன பிரஷ்

அமெரிக்காவின் அயோவாவில் ஏப்ரல் மாதத்து மாலைகளில் மூச்சு புகையாகத்தான் வரும். லைல் தோர்சன் பந்து வீசுமுன் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொள்வான். முப்பத்து நான்கு வயது. சிறிய ஊர் பேஸ்பால் அணிகளுக்கே வீசி வந்தவன். அவன் வீசுவதை, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன் நான்.

அன்று ஆட்டத்துக்கு முன்பே மேலாளர் ஹூபர் சொல்லிவிட்டார். "கடைசி இன்னிங்ஸ் உன்கிட்ட. ஜெயிச்சுக் குடுத்தா இரு. இல்லன்னா காலைல பெட்டியக் கட்டிடு."

"பெட்டிய நான் அவுத்ததே இல்ல, சார்," என்றான் லைல்.

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னிலை. இரண்டு பேர் அவுட். ஆனால் மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்கள். அடிப்பவனுக்கு வீசியதில் மூன்று பந்துகள் ஏற்கெனவே விலகிப் போயிருந்தன; நான்காவதும் விலகினால் எல்லோரும் ஒரு தளம் நகர்வார்கள், எதிரணிக்கு ஓர் ஓட்டம் இலவசம். லைல் வீசினான். மட்டையில் உரசிய பந்து என் தலைக்கு மேலே பறந்து, பின்னால் நின்ற நடுவர் டெல்மரின் தோளில் அடித்தது. வயதானவர், அப்படியே குனிந்துவிட்டார்.

நடுவருக்கு அடிபட்டால், பிடிப்பவன் வீசுபவனிடம் போய் வெட்டிப்பேச்சு பேச வேண்டும். அவர் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். நான் போனேன்.

"எதுக்குடா வந்த? கை சூடு ஆறிடும்," என்றான் லைல்.

"டெல்மரப் பாரு."

பார்த்தான். பிறகு குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மற்ற ஷூவையும்.

"அங்க என்னங்கடா, பொண்ணு பேசுறீங்களா?" என்று ஹூபர் கத்தினார்.

நிஜமாகவே கை ஆறிவிட்டது. அடுத்த பந்து மயிரிழை விலகி வந்தது. சரியான பந்தாகத் தெரியட்டும் என்று கையுறையை அசைக்காமல் வைத்திருந்தேன்.

"வெளிய," என்றார் டெல்மர்.

"இத்தனூண்டுதானே, ஐயா!" என்றேன்.

"இத்தனூண்டும் வெளியதான் தம்பி."

எதிரணிக்கு அந்த இலவச ஓட்டம் கிடைத்தது; எங்கள் முன்னிலையில் ஒரே ஓட்டம் மிச்சம். லைலின் தோள்கள் தொங்கிவிட்டன. ஹூபர் எழுந்து படியில் கால் வைத்தார், ஆளை மாற்றத்தான்.

அப்போது டெல்மர் ஆட்டத்தை நிறுத்தினார். முன்னால் வந்து, பையிலிருந்து சின்ன பிரஷை எடுத்து, தரையில் பதிந்திருந்த வெள்ளைத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அதில் தூசியே இல்லை. அடிபட்ட தோள் ஒத்துழைக்காததால் இடது கையால் துடைத்தார். ஓரம் ஓரமாக, மெதுவாக. லைல் முதுகைத் திருப்பிக்கொண்டு விரல்களை ஊதினான், கையைச் சுழற்றினான். ஹூபர் படியிலேயே நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவன் அடித்த பந்து தரையோடு உருண்டு லைலிடமே வந்தது. எடுத்து, அடித்தவன் ஓடிச் சேருமுன் முதல் தளத்துக்கு எறிந்தான்; மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது.

போகிற வழியில் லைல், "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"உன் கை எப்படி?" என்றார் டெல்மர். இருவரும் நிற்கவில்லை.

"பெட்டிய அவுத்துடு," என்றார் ஹூபர்.

சாப்பாட்டுக்கு முன் நான் சொல்லும் ஜெபத்தில் அன்று டெல்மரின் தோளையும் சேர்த்துக்கொண்டேன்.