உஷ்!

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் மனைவி 'ஊமைக்கோட்டான்' என்றுதான் சொல்வாள். குறையாகச் சொல்வதில்லை, ஆசையாக வைத்த பட்டப்பெயர். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். லீவு நாள் வந்தால் கேமராவும் கையுமாக ஏதாவது ஏரிக்கரையில் குப்புறப் படுத்திருப்பார். பறவைகளைப் படம் பிடிக்கிறவருக்கு வாயைப் போல எதிரி கிடையாது. பன்னிரண்டு வருடமாக மனிதர் வெட்டவெளியில் குரலை உயர்த்தியதே இல்லை.

அவள் நேர் எதிர். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை நோயாளியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே போவாள். தியேட்டர் கதவு திறந்ததும் அந்த நோயாளியின் கையை ஒரு முறை அழுத்தி, "போயிட்டு வாங்க" என்பாள். ஒருவரையும் விட்டதில்லை. அந்தப் பழக்கம் விண்வெளிக்குப் போகிறவர்கள் வரைக்கும் நீண்டது. எந்த நாட்டு ராக்கெட்டாக இருந்தாலும் சரி, அதில் ஆள் ஏறினால் இவள் டிவி முன்னால் ஆஜர். நெருப்பு கக்கிக் கிளம்பும் நொடியில் அதே "போயிட்டு வாங்க"வை உரக்கச் சொல்லி அனுப்புவாள்.

"டிவியில சொன்னா அவங்களுக்குக் கேக்குமா?" என்று அவர் ஒரு நாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"தியேட்டருக்குள்ள போறவங்களுக்கு மயக்கத்துல கேக்குதான்னு நான் பாக்கறேனா?"

சொன்னாளே தவிர, அந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை நேரில் நின்று சொல்லிவிட வேண்டும். அதற்காகவே இருவரும் லீவைச் சேர்த்துவைத்து, பஸ் மாறி பஸ் ஏறி, ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் வந்து இறங்கினார்கள். நடுவே அகலமான உப்பங்கழி. இந்த முறை நான்கு பேர் போகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

கூட்டம் எல்லாம் பாலத்தின்மேல் நின்றது. படத்துக்கு வாகாக இருக்கும் என்று அவர்தான் நாணல் ஓரமாக ஒரு மூலையைப் பிடித்தார். பொழுது மெல்லப் புலர்ந்தது.

"பத்து... ஒம்பது..." அவள் போனைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.

அப்போது பார்த்துத்தானா வர வேண்டும்? நாணலுக்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான், முதுகில் இரண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு, நேராக அவருடைய ஃபிரேமுக்குள் நீந்தி வந்தது. இப்படி ஒரு படத்துக்காக அவர் எத்தனை விடியலைத் தொலைத்திருக்கிறார்! எதிர்க்கரையில் வெளிச்சம் பொங்கியது. அவள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"உஷ்!" என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். விரல் கேமரா பட்டனை அழுத்துவது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. ராக்கெட் ஏறியது. சற்றுப் பொறுத்து இடிபோல் வந்த சத்தத்தில் முக்குளிப்பான் முங்கி ஓடியது. நான்கு பேரும் மேகத்துக்குள் போய்விட்டார்கள்.

"இப்பச் சொல்லேன்" என்றார், நாக்கைக் கடித்துக்கொண்டு.

"கதவு சாத்தினப்புறம் சொல்லி என்னங்க?"

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலாம். லாட்ஜ் அறையில் துணிகளை மடித்துக்கொண்டே, "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் வந்திருந்தது. தாயும் குஞ்சுகளும் கண் வரை துல்லியம், பின்னால் நெருப்புத் தூண். அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மத்தியானம் வரை அவளுடைய போனை வைத்துக்கொண்டு எதையோ நோண்டினார். சாயங்காலம், "கிளம்பு" என்றார்.

அதே கரை. பட்டுப்போன மரம் ஒன்றில் நூற்றுக்கணக்கில் கொக்குகள் அடைந்திருந்தன. நாணலுக்குள் நாலைந்து கேமராக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள். எல்லாரும் அவரைப் போலவே ஊமைக்கோட்டான்கள். இருட்டத் தொடங்கியதும் அவர் வானத்தைக் காட்டினார்.

"அங்க பாரு. முன்னாடி போற வெளிச்சம் விண்வெளி நிலையம். பின்னாடி சின்னதா ஒண்ணு துரத்திட்டுப் போகுதுல்ல, அதுல நம்ம நாலு பேரும் இருக்காங்க. நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேருவாங்களாம்."

அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கதவு சாத்தலைம்மா. ஸ்ட்ரெச்சர் வராந்தாவுலதான் இருக்கு. சொல்லு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மரத்தைப் பார்த்தாள். "கொக்கெல்லாம் பறந்துடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"பறக்கட்டும்."

அப்போதும் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. சின்ன வெளிச்சம் உச்சியைத் தாண்டிச் சரியத் தொடங்கியது. மெக்கானிக் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க!"

மரம் மொத்தமும் வெள்ளையாகக் கிளம்பிப் பறந்தது. நாணலுக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் நாலைந்து வாய்கள் "உஷ்!" என்று சீறின. அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு, தொண்டை கிழிய, "பத்திரமா போயிட்டு வாங்கப்பா!" என்று கத்தினாள்.

வெளிச்சம் மறையும் வரை இருவரும் நின்றார்கள். பிறகு அவள் அவர் கையைத் தேடிப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். நோயாளிகளுக்கு மட்டுமே கொடுத்து வைத்த அந்த அழுத்தல், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு அன்றுதான் கிடைத்தது.