உறையின் வாய்

பள்ளிவாசல் ஆலிம்சா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உட்கார வந்தவரில்லை என்று லத்தீபாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று மாடி ஏறிய மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. உள்ளே ஓதிக்கொண்டிருந்த பெண்களைப் பார்க்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து ஸலாம் சொன்னார். அவருக்குப் பின்னால் படியில் ஆமிர் நின்றான். லத்தீபாவின் புருஷன் ஜுல்ஃபிகரின் தம்பி, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவன். காலையில் ஆஸ்பத்திரியில் அண்ணனின் உடலை வாங்கியவன் அவன்தான். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது உதட்டில் தெரிந்தது.

உடல் வீட்டுக்கு வரவில்லை. வெளியே செத்தவனைப் பேட்டைக்குள் கொண்டுவந்தால் தெருவுக்கே ஆகாது என்பது பர்மாக்காரர்கள் நம்பிக்கை. கீழ்வீட்டு டோ கின் நல்ல மனுஷிதான். அவளே படியடியில் நின்று, கோபித்துக்கொள்ளாதே என்று லத்தீபாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். லத்தீபா கோபித்துக்கொள்ளவில்லை. அடக்கம் செய்யும் மையவாடிக்கே போய், முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே குளிப்பாட்டிக் கபனிட்டு வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அஸருக்குப் பிறகு அடக்கத் தொழுகை.

அந்தத் தொழுகையைப் பற்றித்தான் ஆலிம்சா பேச வந்திருந்தார். முதலில் ஜுல்ஃபிகரின் நல்ல குணங்களைச் சொன்னார். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வெள்ளம் ஏறிய வருஷம் பள்ளிவாசல் பாய்களையெல்லாம் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றியவன் என்றார். இப்படிச் சுற்றி வளைத்தவர் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"போலீஸ்ல அவனோட துப்பாக்கி, அவனோட கைன்னு எழுதிட்டாங்களாம்மா. கார்ல தனியா இருந்திருக்கான். அன்னைக்குக் காலையிலதான் அவன் மொதலாளி சயா வேலையை விட்டு நிறுத்தப்போறேன்னு சத்தம் போட்டிருக்காரு. நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. தொழவே கூடாதுன்னு நான் சொல்லல. நான் முன்னால நிக்கல, அவ்வளவுதான். பாங்கு சொல்ற மோதினார் தொழ வைக்கட்டும். கூட்டம் வேணாம்."

தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவனுக்கு ஆலிம் முன்னால் நிற்பதில்லை என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். தடை ஒன்றும் கிடையாது. ஒதுக்குவார்கள். ஒதுக்கியது மண்ணோடு போகாது. ஜுல்ஃபிகரின் பேர் வரும்போதெல்லாம் கூடவே வரும்.

"தொடையில போய் எவனாவது சுட்டுக்குவானா?" என்றான் ஆமிர்.

"சாகணும்னு நெனைக்கிறவன் என்ன நெனைப்பான்னு நமக்குத் தெரியாது தம்பி."

லத்தீபா எழுந்து உள்ளறைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்து ஓதிக்கொண்டிருந்த ஒருத்தி கூடவே எழுந்தாள். லத்தீபா கட்டிலுக்கடியில் கையை விட்டு, போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையை இழுத்தாள். தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டாள்.

ஜுல்ஃபிகர் டிரைவர். அவனுடைய முதலாளி, எல்லோரும் சயா என்று சொல்லும் ஊ மின் ஹான், ரத்தினக்கல் வியாபாரி. போன வருஷம் வேறொரு வியாபாரியை நடுத்தெருவில் சுட்டுப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சயா யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கி, ஜுல்ஃபிகரின் இடுப்பில் ஒரு துப்பாக்கியை ஏற்றிவிட்டார். துப்பாக்கி அவனுக்குப் பழகிவிட்டது. உறைதான் பழகவில்லை.

முதலில் வந்தது கெட்டி பிளாஸ்டிக். அதை மாட்டப் பேண்ட்டும் பெல்ட்டும் வேண்டும். அவன் கைலிக்காரன். சயாவுக்காகப் பேண்ட் போட்டான். நாள் முழுக்க ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததில் உறையின் விளிம்பு இடுப்பெலும்பை அறுத்தது. இரண்டாவது தோல் உறை. சயா பாங்காக்கிலிருந்து வரவழைத்தது. துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் திறந்தபடியே விறைப்பாக நிற்கும். பார்க்காமலே திரும்பச் செருகலாம். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கல்யாணச் சட்டைக்குக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

லத்தீபா கடைகளுக்குப் பை தைத்துக் கொடுக்கிறவள். உறையை வாங்கி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருந்தன. மாட்டுக்கு அப்படி இருக்காது. ஆட்டுக்கும் இருக்காது.

பன்றித்தோல் வியர்வையோடு பட்ட இடமெல்லாம் ஏழு தடவை கழுவு, ஒரு தடவை மண் போட்டு, மார்க்கத்தில் அப்படித்தான், என்று அவனைக் குளியலறைக்குள் தள்ளினாள். பால்கனியில் கற்றாழை வைத்த தொட்டியிலிருந்து அவன் மண்ணை அள்ளிக்கொண்டு போனான். "சயா கேட்டா என்ன சொல்றது? பன்னி கடிச்சிருச்சுன்னா?" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவள் சிரிக்கவில்லை. தோல் உறையைப் பையில் சுற்றிப் பால்கனி ஆணியில் மாட்டிவிட்டு, அன்றைக்கே துணியில் ஒன்று தைத்தாள். கைலிக்கு மேலே வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி. கித்தான் துணி. அது வேர்க்குருவைக் கிளப்பியது. பிரித்து, மெத்தென்று குடைத்துணியில் மறுபடி தைத்தாள்.

இப்போது போலீஸ் கொடுத்த பையிலிருந்து அந்தத் துணி உறையை எடுத்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் தரையில் விரித்தாள். ரத்தம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

"ஆலிம்சா, அடியில பாருங்க."

உறையின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. சுற்றிலும் உள்பக்கமிருந்து கருகியிருந்தது.

"குண்டு உறைக்குள்ளேர்ந்துதான் போயிருக்கு. சாகப்போறவன் துப்பாக்கிய உறைக்குள்ள வச்சா சுட்டுக்குவான்?"

ஆலிம்சா குனிந்து பார்த்தார். செருகி வைத்திருந்தால் அது ஏன் தானாக வெடிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லத்தீபா கத்தரிக்கோலைக் காட்டினாள். விரல் விடுகிற வளையத்துக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்து, விசை இங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கத்தரிக்கோலை உறைக்குள் இறக்கினாள். உட்கார்ந்த இடத்தில், கீழே பார்க்காமல், காருக்குள் இருக்கிறவன் செருகுகிற மாதிரி. துணியின் வாய் உள்பக்கமாக மடிந்து வளையத்துக்குள் போனது. அவள் அழுத்தினாள். மடிப்பு இறுகிச் சுண்டுவிரலைப் பின்னுக்கு இழுத்தது.

உள்ளே ஓதுவது நின்றிருந்தது.

"இன்னொரு தடவை செய்ம்மா," என்றார் ஆலிம்சா.

செய்தாள். மறுபடி மடிந்தது. மூன்றாவது தடவை அவரே கத்தரிக்கோலை வாங்கிச் செய்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். ஆமிர் படியிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

நானே நிற்கிறேன், பள்ளியிலும் நானே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றார் ஆலிம்சா. லத்தீபா தலையாட்டினாள்.

"தோல்ல நல்ல உறை இருந்துச்சே மைனி. காக்கா எங்கிட்டக் காட்டினாங்களே. ஏன் இதப் போட்டாங்க?" என்றான் ஆமிர் முகத்தைத் தூக்காமல்.

அவள் பால்கனிக்குப் போய் ஆணியிலிருந்த பையை எடுத்து வந்தாள். கை வியர்த்திருந்தது. உறையை வெளியே எடுத்து, உள்பக்கத்தை ஆலிம்சாவுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தொடாமல், வெகுநேரம் பார்த்தார்.

"சரியாத்தான் பாத்திருக்க," என்றார். "பன்னிதான்." பிறகு, "உயிருக்குப் பயம்னு வர்றப்ப மார்க்கக் கிதாபுல அதுக்கு ஒரு சலுகை..." என்று ஆரம்பித்தார். லத்தீபாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, நேரமாகிறது என்று எழுந்தார்.

துணி உறையை யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மூலையில் தையல் மிஷின் இருந்தது. அதில் மாட்டியிருந்த நூலும் தரையில் கிடந்த உறையின் நூலும் ஒரே நீலம். 'வாய் மடியுது புள்ள' என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தான். அவள் நூலைப் பல்லில் கடித்தபடி, போடப் போடப் பழகிரும் என்றாள்.

அஸருக்கு முன்பே ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். லாரி வைக்கும் அளவுக்குக் கூட்டம் என்று கீழேயிருந்து டோ கின் மேலே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, ஒரு தட்டில் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். பெண்கள் தேநீர் போட்டார்கள். புருஷனை இழந்தவளுக்கு இனி நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்தான் என்பதை ஒருத்தி இன்னொருத்திக்கு மெதுவாகச் சொன்னாள்.

லத்தீபா தோல் உறையை இன்னும் கையில் வைத்திருந்தாள். அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மடியவில்லை. இரண்டு கையாலும் பலமாக அழுத்தினாள். மடியவில்லை. பையில் சுற்றித் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

கை கழுவ வேண்டும். பால்கனித் தொட்டியின் ஒரு பக்கத்தில், அவன் கையை விட்டு அள்ளிய இடத்தில், குழி அப்படியே இருந்தது. கற்றாழை அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் மறுபக்கத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.