நெருப்பில்லாத புகை

"உனக்கு நெருப்பைக் கண்டா பயமாம்மா, மனுஷங்களைக் கண்டா பயமா?"

தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கும் நாளன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி அவளிடம் கேட்ட கேள்வி இது. அவள் யோசிக்கவேயில்லை. "நெருப்புதான் சார்" என்றாள். அவர் சிரித்தபடி பேனாவை மூடினார். "நல்லது. நெருப்புக்குப் பயப்படாதவங்களை நாங்க எடுக்கறதில்ல" என்றார். இடம் கிடைத்துவிட்டது.

அவள் சொன்னது பச்சைப் பொய். நெருப்பிடம் அவளுக்கு என்ன பயம்? எங்கே கை வைத்தால் சுடும் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மனிதர்கள் எந்தப் பக்கத்தில் சுடுவார்கள் என்பதைக் கை வைத்த பிறகுதானே தெரிந்துகொள்ள முடிகிறது!

பயிற்சி நிலையத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் "பூட்டு" என்று பெயர் விழுந்துவிட்டது. பெட்டிக்கு ஒரு பூட்டு, அலமாரிக்கு ஒரு பூட்டு, கட்டிலுக்கடியில் பூட்ஸ் இரண்டையும் சேர்த்துச் சங்கிலி போட்டு அதற்கும் ஒரு பூட்டு. பக்கத்துக் கட்டில்காரி, ஊர்க்கதையெல்லாம் ஒலிபரப்புவதால் "ரேடியோ" என்று பெயரெடுத்தவள், ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏண்டி பூட்டு, தூங்கும்போது உன் நிழலையும் உள்ள வச்சுப் பூட்டிடுவியா?"

"நிழலை யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் அவள். அவள் சொன்னதில் நகைச்சுவை எதுவும் இல்லை. ஆனாலும் கூடமே சிரித்தது.

அவள் வளர்ந்த வீடு அப்படி. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீடுதான் கதி. அண்ணி கெட்டவள் என்று சொல்ல முடியாது. வயிற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் குளியலறைச் சோப்பு தேய்ந்தால்கூட, "இது தண்ணில கரைஞ்ச மாதிரி தெரியலையே" என்று நாத்தனாரின் முகத்தைப் பார்ப்பாள். பிறர் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே வளர்கிற பிள்ளைக்குக் கடைசியில் அந்த வித்தை தானாகவே கைவந்துவிடுகிறது. பயிற்சிக்குக் கிளம்பிய அன்று அண்ணன் வாசல்வரை வந்து, "உன் ரூமை வாடகைக்கு விட்டுட்டோம் பாப்பா. எப்படியும் நீ பாஸ் பண்ணிடுவ இல்ல?" என்றான். வாழ்த்துப்போலத்தான் சொன்னான். திரும்பி வர இடமில்லை என்பதும் அதில் இருந்தது.

பயிற்சியில் அவள் சோடையில்லை. தண்ணீர்க் குழாயைத் தோளில் சுருட்டிக்கொண்டு படியேறுவாள். ஏணி ஆடினாலும் கண் ஆடாது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புகைவீட்டுப் பயிற்சிக்கு ஜோடி பிரிக்கும் வரையில்.

புகைவீடு என்பது மைதானத்தின் கோடியில் இருந்த ஜன்னலில்லாத கட்டிடம். உள்ளே அறைக்குள் அறை, முட்டுச்சந்து, கவிழ்ந்த கட்டில், பாதி அடைத்த கதவு. இயந்திரம் வைத்து அதில் வெள்ளைப் புகையை நிரப்பிவிடுவார்கள். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க், இருவரையும் இணைக்கும் ஒரு கயிறு. இடது கை சுவரை விடாமல் தடவிப் போய், எங்கோ கிடக்கும் மனித பொம்மையைத் தேடி இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

"நெருப்பில்லாம புகையாதுன்னு சொன்னவன் நம்ம மிஷினைப் பார்த்ததில்ல" என்பது பயிற்சி கொடுக்கும் மாஸ்டரின் மாறாத நகைச்சுவை. ஒவ்வொரு அணிக்கும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவரே முதலில் சிரிப்பார்.

அவளுக்கு வாய்த்த ஜோடி "பெருமூச்சு". நல்ல உயரம், சுருட்டை முடி, வாய் திறந்து பேசாத பெண். அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். சிலிண்டரில் காற்று குறைந்தால் விசில் தானாக அலறும். அலறினால், யாருடைய விசிலாக இருந்தாலும் ஜோடியாக வெளியே வந்துவிட வேண்டும். பெருமூச்சின் விசில்தான் எப்போதும் முதலில் அலறும். பயந்தவர்கள் காற்றை விழுங்கித் தீர்ப்பார்கள், அதுதான் காரணம் என்றார் மாஸ்டர். போன தேர்வில் அவள் தோற்றதும் அதனால்தான். இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

"மாஸ்க்குல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு ஐயா" என்று ஒருமுறை அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஓட்டை மாஸ்க்குல இல்லம்மா, தைரியத்துல" என்றார் மாஸ்டர். அணி முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

தன் தலையெழுத்து இப்படி ஒருத்தியின் மூச்சில் கட்டப்பட்டிருக்கிறதே என்று பூட்டுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இருக்கும்போதுதான் மாஸ்க் விஷயம் கண்ணில் பட்டது.

மாஸ்க்குகளைப் பூட்ட முடியாது. கருவி அறையில் ஆளுக்கொரு கொக்கி. அபாய மணி அடித்தால் சாவி தேட நேரமிருக்காது என்பதால் அந்த அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. மாட்டும்போது வார்களையெல்லாம் முழுக்கத் தளர்த்தி மாட்ட வேண்டும். அப்போதுதான் அவசரத்தில் ஒரே இழுப்பில் முகத்தில் ஏறும். அவள் அதைத் தவறாமல் செய்பவள். ஆனால் ஒருநாள் காலை அவளுடைய மாஸ்க்கின் கீழ்வார் ஒன்று இறுகிக் கிடந்தது.

மறந்திருப்போமோ என்று நினைத்தாள். மறதி அவள் பரம்பரையிலேயே கிடையாது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே வார். இந்த முறை மாஸ்க்கின் ரப்பர் விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான, சுருட்டை முடி.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பெருமூச்சு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தபடி, "உன் மாஸ்க் உனக்கு நல்லா உட்காருதா?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது கேப்பாங்களா?"

பெருமூச்சு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

சாயங்காலம் ரேடியோ தன் பங்கைச் செய்தாள். "நான் சொன்னேன்னு சொல்லாதே. கருவி ரூம்ல உன் மாஸ்க்கை அவ கையில வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டிருந்தா. என்னைக் கண்டதும் அப்படியே கொக்கியில மாட்டிட்டுத் திரும்பிக்கிட்டா."

"ஏன் அப்படிப் பண்றா?"

"இதென்ன கேள்வி? ரெண்டு தடவை தோத்தா வீட்டுக்குப் போகணும். போறதுதான் போறோம், உன்னையும் ஒரு தடவை தோக்க வச்சிட்டுப் போவோம்னு நினைச்சிருப்பா. நெருப்பில்லாம புகையுமா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து பெருமூச்சு தும்மினால்கூடப் பூட்டு காரணம் தேடினாள். கயிற்றில் அவள் முடிச்சுப் போட்டால், திரும்பியதும் அவிழ்த்து இவள் மறுபடி போட்டாள். மாஸ்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் ஆதாரம் கேட்பார். ஒரு முடியையா நீட்டுவது? மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. இன்றைக்கு நன்றாக இருப்பது தேர்வன்றைக்கு உள்ளே போன பிறகு கழன்றுகொள்ளும்படி ஏதாவது செய்திருப்பாளோ?

தேர்வன்று காலை எல்லோரும் மைதானத்தில் வரிசையில் நிற்கப் போனபோது, அவள் மட்டும் பூட்ஸ் கயிறு கட்டுவதாகப் பின்தங்கினாள். கருவி அறை காலியாக இருந்தது. ஒவ்வொரு மாஸ்க்கிலும் கழுத்தில் மாட்டும் வாரில்தான் எண் எழுதிய துணி தைத்திருக்கும். அந்த வாரைக் கழற்றி மாட்டலாம். தன் மாஸ்க்கின் கழுத்துவாரைக் கழற்றினாள். பெருமூச்சின் மாஸ்க்கிலிருந்ததையும் கழற்றினாள். மாற்றி மாட்டினாள். சுவர்க் கொக்கிகளிலும் இடம் மாற்றித் தொங்கவிட்டாள். அவசரத்தில் கழுத்துவாரின் கொக்கி ஒன்று உள்பக்கம் வெளிப்பக்கமாகப் போய் மாட்டிக்கொண்டது. சரிசெய்ய நேரமில்லை.

நீ தோண்டின குழியில் நீயே விழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

"மாஸ்க் போடு!" என்று மாஸ்டர் கத்தினார். போட்டாள். இடது பொட்டுப் பக்கத்தில் நூலிழைபோல் ஏதோ சிலுசிலுத்தது. அடுத்தவள் முகத்துக்குப் பழகிய ரப்பர், அதனால் இருக்கும் என்று வார்களை இறுக்கினாள். சிலுசிலுப்பு போகவில்லை. கை தூக்கிச் சொல்லவேண்டும், அதுதான் முறை. என்னவென்று சொல்வது? பக்கத்தில் பெருமூச்சு மாஸ்க்கை மாட்டியவள் ஒருகணம் அசையாமல் நின்றாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் விரிந்தன. பிறகு திரும்பி இவளை நீண்ட நேரம் பார்த்தாள்.

பார்க்கட்டும். மாட்டிக்கொண்டதும் திருதிருவென்றுதானே விழிப்பார்கள்!

உள்ளே நுழைந்ததும் உலகம் வெள்ளையாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. சுவர், சுவர், கதவு நிலை, சுவர். கயிற்றின் அந்த முனையில் பெருமூச்சின் மூச்சு கேட்டது. சீராக, தூங்கும் குழந்தையினுடையதைப்போல. இவள் காதருகில்தான் ஒரு பாம்பு விடாமல் சீறிக்கொண்டிருந்தது. முதல் அறையில் பொம்மை இல்லை. கவிழ்ந்த கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவினாள். இல்லை. இரண்டாவது அறைக்குள் தவழும்போது விசில் அலறியது.

பெருமூச்சுதானே, வேறு யார், என்று நினைத்தாள். அலறியது பூட்டின் முதுகில்.

கயிற்றில் இரண்டு இழுப்பு வந்தது. இரண்டென்றால் திரும்பு என்று அர்த்தம். அவள் திரும்பவில்லை. இன்னும் ஒரு அறைதான். பெருமூச்சு திரும்பச் சொல்வதே நான் தோற்கத்தான் என்று முன்னால் தவழ்ந்தாள். கயிறு இறுகியது. மறுபடி இரண்டு இழுப்பு. அவளும் பதிலுக்கு வெறியோடு இழுத்தாள்.

புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் தவழ்ந்து வந்து அவளோடு மோதியது. ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடித்தது. பெருமூச்சு தலையைச் சாய்த்து எதையோ கூர்ந்து கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். கண்ணுக்கு எதுவுமே தெரியாத அந்த வெள்ளை இருட்டில், அவள் உள்ளங்கை தேடவில்லை, தடவவில்லை. நேராக வந்து பூட்டின் இடது பொட்டில், ரப்பர் விளிம்பின் அந்த ஓரிடத்தில் அழுத்தியது.

சீறல் நின்றது.

எத்தனையோ நாள் தன் முகத்தில் அழுத்தி அழுத்திப் பழகிய கை அது. அது அழுத்திய கணத்திலேயே பூட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறுகிக் கிடந்த வார், சுருட்டை முடி, "நல்லா உட்காருதா" என்ற கேள்வி. பெருமூச்சு இவளுடைய மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கோளாறு மூச்சிலா, மாஸ்க்கிலா என்று தெரிந்துகொள்ள.

அந்தக் கையை எடுக்காமலேயே பெருமூச்சு அவளைச் சுவரோடு சுவராகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொம்மை உள்ளேயே கிடந்தது.

வெளியே மாஸ்டர் இருவர் முதுகிலும் காற்றுமானியைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "என்ன அதிசயம்! பெருமூச்சு பாதிக்கு மேல மிச்சம் வச்சிருக்கா. பூட்டு துடைச்சு வழிச்சிட்டா. பயம் கட்சி மாறிடுச்சா?"

ரேடியோ கொல்லென்று சிரித்தாள்.

பெருமூச்சு பூட்டின் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கி மாஸ்டரிடம் நீட்டினாள். "போட்டுப் பாருங்க ஐயா."

அவர் போட்டார். எல்லோர் காதிலும் சீறல் விழுந்தது. கழற்றிப் பொட்டுப் பக்கத்து விளிம்பை வெயிலில் பிடித்து, விரலால் பிதுக்கிப் பார்த்தார். மயிரிழை அளவு வெடிப்பு, காற்று அதன் வழியாகத்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கழுத்துவாரைத் திருப்பி எண்ணைப் படித்தார்.

"பூட்டு. இது உன்னுதுதானே? ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல? கருவிக் கோளாறுன்னா நீ தோத்ததா ஆகாது, உனக்கு இன்னொரு தடவை வைக்கணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "பெருமூச்சுக்கு இது ரெண்டாவது. அவ மாஸ்க் நல்லாத்தானே இருக்கு... அதைப் பெரியவங்கதான் சொல்லணும்" என்றார்.

'இல்லை' என்று சொன்னால் கருவியை மாற்றியவள். அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும். பெட்டியைக் கொண்டுபோய் வைக்க அறையில்லை. பெருமூச்சு இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள், அவள் முந்திக்கொள்வதற்குள் என்று அந்தப் பழைய சந்தேகம் வந்து இவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஆமா மாஸ்டர்" என்றாள் பூட்டு. "என்னுதுதான்."

பெருமூச்சு தன் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் கழற்றினாள். அதன் கழுத்துவாரின் ஒரு கொக்கி உள்பக்கம் வெளிப்பக்கமாக மாட்டியிருந்தது. அதை மாஸ்டருக்குத் தெரியும்படி ஒருகணம் பிடித்துவிட்டுக் கழற்றினாள். மாஸ்டர் கையிலிருந்த மாஸ்க்கை மெல்ல வாங்கி அதன் வாரையும் கழற்றினாள். அவசரமே இல்லை. மாற்றி மாட்டினாள். ஒவ்வொரு கொக்கியும் டிக், டிக் என்று சரியான பக்கமாக விழுந்தது. வெடித்த மாஸ்க்கில் இப்போது அவளுடைய எண்.

"என்னம்மா பண்றே?" என்ற மாஸ்டர், பாதியிலேயே நிறுத்திவிட்டுப் பூட்டைப் பார்த்தார். ரேடியோகூட ஒலிபரப்பை நிறுத்திவிட்டிருந்தாள்.

நல்ல மாஸ்க்கின் வார்களையெல்லாம், மாட்டும்போது தளர்த்துவதுபோல, கடைசிவரை தளர்த்திப் பூட்டின் கைகளில் வைத்தாள் பெருமூச்சு. வெடித்ததைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கருவி அறையை நோக்கி நடந்தாள். பெயருக்கு ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.