ஆபீஸ் ஐடியில் திறந்த வகுப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மூன்றாம் வகுப்பு அறையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். தலைமை ஆசிரியை மங்களம் மேஜைக்குப் பின்னால், கை வைத்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலாண்மைக் குழுத் தலைவி ராஜம்மா ஜன்னலோர பெஞ்சில் இருந்தாள். அதே பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைப்பவள், நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. முதல் பெஞ்சில், முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட, சைக்கிள் கடை முகமது இஸ்மாயில். அவருக்கு மூன்று வரிசை பின்னால், மகள் வர்ஷா தினமும் உட்காரும் இடத்தில் அழகேசன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை பத்மாவுக்கென்று ஸ்டூல் போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. கரும்பலகையில் சாய்ந்தும் சாயாமலும் நின்றிருந்தார்.

மங்களம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெமோவை வாசித்தார். வட்டாரக் கல்வி அலுவலர் போன வாரம் திடீரென்று பள்ளிக்கு வந்து வாசிப்புப் பதிவேட்டைக் கேட்டார். பதிவேடு இல்லை, பிள்ளைகள் வாசித்த குரல்பதிவெல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று பத்மா போனைத் திறந்து காட்டப் போனார். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று போன் சொல்லிவிட்டது. ஆக, போன வருஷம் மூன்று பருவமும் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள் என்று ஆசிரியை அனுப்பிய அறிக்கைக்கு ஆதாரம் கிடையாது. பொய்யறிக்கை என்று ஏன் கருதக் கூடாது? செவ்வாய்க்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

"பொய்யின்னு எய்தி கீதா?" என்றாள் ராஜம்மா. "இன்னாங்க அநியாயமாக்கீது! எம்புள்ள போன வருசம் இதே டீச்சர் கைலதான எய்த்துக் கூட்டிப் படிச்சான். இப்போ பஸ் போர்டெல்லாம் படிக்கிறான். பூந்தமல்லி டெப்போல நின்னுகினு கண்டக்டருக்கே வழி சொல்றான்."

"அது வேற, ராஜம்மா" என்றார் மங்களம். "புள்ள படிக்கிறதுக்குச் சாட்சி அவங்களுக்குத் தேவையில்ல. பேப்பர் இருக்கணும். இந்த மெமோ முடியறவரைக்கும் பத்மா பேரு பதவி உயர்வு லிஸ்டுல நிக்காது. அடுத்த மாசம் கவுன்சிலிங். பதினாறு வருசமா எதிர்பார்த்தது."

இஸ்மாயில் உடம்பைத் திருப்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். "அழகேசன் சார், நீங்கதான கம்ப்யூட்டர் ஆளு. அம்மாம் புள்ளைங்க குரலு எங்க போச்சு? காத்துல போறதுக்கு அது இன்னா டியூப்புல அடிச்ச காத்தா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"பார்க்கணும் பாய். சர்வர்ல ஏதாவது இருக்கும்."

"சார்மேல தப்பில்ல" என்றார் பத்மா. "அவர் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணிக் குடுத்தார். நான்தான் எதையோ அமுக்கிட்டேன். எனக்குத்தான் இதெல்லாம் பழக்கமில்ல."

மங்களம் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்: 'ஆசிரியையின் கவனக்குறைவால் பதிவுகள் அழிந்ததைக் குழு வருத்தத்துடன் பதிவு செய்கிறது. ஆசிரியை உள்நோக்கம் ஏதுமின்றிச் செய்தது என்பதால் மன்னிக்கக் கேட்டுக்கொள்கிறது.' புத்தகம் கைமாறி வந்தது. ராஜம்மா கையெழுத்துப் போட்டாள், இஸ்மாயில் போட்டார். அழகேசனும் போட்டான். போடும்போது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவனை அதிகம் உறுத்தியது.

எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் ஜூனில், பள்ளித் தொடக்கத்தில், வர்ஷா இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே, அவனே வலியப் போய்ச் சொன்ன யோசனை அது. பிள்ளை ஒரு பக்கத்தை வாசிக்கும். போன் அதைப் பதிவு செய்துகொள்ளும். டீச்சர் ஓய்வாகக் கேட்டுக் குறிப்பு எழுதலாம். போன மாதம் தடுமாறின சொல்லை இந்த மாதம் எப்படிச் சொல்கிறான் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம். காசு கிடையாது. அடுக்குமாடியில் அவனைப் பார்த்து, "ஐடியில இருந்துக்கிட்டு புள்ளைய கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கீங்களே, அழகேசன்" என்று இழுத்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது போலவும் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். சொந்த மின்னஞ்சலில் சேர்ந்தால் பத்துப் பிள்ளைகளுக்குத்தான் இலவசம். நிறுவனத்தின் மின்னஞ்சலாக இருந்தால் எத்தனை பேருக்கும் இலவசம். பள்ளிக்கு அரசு கொடுத்த மின்னஞ்சல் ஒன்று இருந்தது. அதன் பாஸ்வேர்டு, முந்தைய தலைமை ஆசிரியரோடு ஓய்வு பெற்றுச் சிதம்பரத்துக்குப் போய்விட்டது. அவர் போனை எடுப்பதில்லை. "அதுக்கென்ன டீச்சர், என் ஆபீஸ் ஐடியில போட்டுடறேன்" என்றான் அழகேசன். ஐந்து நிமிஷத்தில் வகுப்பு திறந்துவிட்டது. பத்மா அப்போதே கேட்டார்: "நோட்டுலயும் எழுதி வெச்சுக்கட்டுமா சார்?" அவன் சிரித்தான். "இன்னும் என்ன நோட்டு டீச்சர்? எல்லாம் மேல இருக்கு, பத்திரமா. வேலைய ரெண்டு மடங்காக்கிக்காதீங்க."

சித்திரை பிறந்த வாரத்தில் அவனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள்; ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்; லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அவன் லிஃப்ட்டில் இறங்கித் தரைக்கு வருமுன் மின்னஞ்சல் மூடிவிட்டது. அன்று அவனுக்குத் தன் கவலை. மூன்றாம் வகுப்பு நினைவுக்கே வரவில்லை. பள்ளிக்கோ கோடை விடுமுறை. லீவு முடிந்து, அலுவலர் வந்து போன அன்று பத்மா போன் செய்து, "சார், பாஸ்வேர்டு கேக்குது, போட்டா இல்லங்குது" என்றபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. இணையதளத்துக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தான். கணக்கு நிறுவனத்துக்குச் சொந்தம், நிறுவனம் மூடச் சொன்னால் மூடுவோம், பதிவுகளும் அழிந்துவிடும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அன்றே பத்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் மூடியது என்று அவர் கேட்பார். வேலை போனது வீட்டுக்கே தெரியாது. ஷர்மிளா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா டாங்க் ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் ஒரே கேட் வழியாகப் போய் வந்தவர். பெண் கேட்கத் துறையூரிலிருந்து வந்தவனை அவர் கேட்ட முதல் கேள்வியே, "வேலை நிரந்தரமா?" என்பதுதான். ஆகவே அழகேசன் தினமும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பூந்தமல்லி நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டான். மெட்ரோ வேலையால் பஸ் சுற்றிப் போகிறது என்று தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவனைப் பத்மா கேட்டருகே நிறுத்தினார்.

"சார், மன்னிச்சுக்குங்க. உங்க உழைப்பையெல்லாம் வீணாக்கிட்டேன்."

"ஐயோ, டீச்சர்..."

"இல்ல சார். எத்தனை சனிக்கிழமை வந்து சொல்லிக் குடுத்தீங்க! ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. அந்த விளக்கக் கடிதம். கம்ப்யூட்டர் பாஷையில எது எப்படி அழிஞ்சுதுன்னு எனக்கு எழுதத் தெரியல. என் தப்புன்னே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

சரி என்று தலையாட்டினான். வேறு என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். என்ன செய்ய முடியும் என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வர்ஷா கீழே விளையாடப் போயிருந்தாள். ஷர்மிளா பக்கத்தில் போர்வையை விரித்து மறுநாளைக்கான அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 'பெறுநர்' வரை நன்றாக வந்தது. 'நான் கவனக்குறைவாக' என்று எழுதி அடித்தான். 'எனது அறியாமையால்' என்று எழுதி அதையும் அடித்தான். மூன்றாவது தாளைக் கசக்கியபோது ஷர்மிளா எட்டிப் பார்த்தாள்.

"பத்மா டீச்சருக்கா எழுதறீங்க? அந்தம்மாவா அழிச்சாங்க? போன்ல ஒரு மெசேஜ அழிக்கறதுக்கே பத்துத் தடவ யோசிப்பாங்க." இஸ்திரிப் பெட்டியைக் காலரில் ஓட்டினாள். "உங்க ஆபீஸ் ஐடியிலதான போட்டீங்க? நாளைக்கு ஆபீஸ் போயித் திரும்ப எடுத்துக் குடுங்க. அதுக்கு எதுக்கு டீச்சர் மன்னிப்புக் கேக்கணும்?"

"எடுக்க முடியாது."

"ஏன்?"

"அந்த ஐடி இப்ப இல்ல, ஷர்மி." பேனாவை மூடி வைத்தான். "ஆபீசும் இல்ல. சித்திரையில அனுப்பிட்டாங்க."

ஷர்மிளா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். பாதி தேய்த்த சட்டையைத் தூக்கி, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா இத யாருக்குத் தேச்சுக் குடுத்தேன்?"

சட்டையை அவன் மடியில் போட்டாள்.

"எங்கப்பாவுக்குப் பயந்தீங்களா, எனக்குப் பயந்தீங்களா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"நல்லா பயந்தீங்க போங்க! வேல போனது ஒரு பக்கம் கெடக்கட்டும். அது எவனோ பண்ணினது. இந்தப் பொம்பள உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டப்ப வாய மூடிக்கிட்டு நின்னீங்களே, அது நீங்க பண்ணினது." அவள் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அவங்க கையெழுத்தப் போட்டு அந்தத் தாளு கல்வி ஆபீசுக்குப் போச்சுன்னா, நாளைக்கு வர்ஷாவ அந்தக் கிளாசுல எப்படி உக்கார வைப்பீங்க?"

போர்வையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழகேசன் நாலாவது தாளை எடுத்தான். அனுப்புநர் இடத்தில் பத்மாவின் பெயரை எழுதாமல் தன் பெயரை எழுதினான். அதன் பிறகு பேனா நிற்கவில்லை. எந்தத் தேதியில் எந்த மின்னஞ்சலில் வகுப்பைத் திறந்தான், நோட்டு வேண்டாம் என்று சொன்னது யார், வேலையிலிருந்து நீக்கப்பட்டது எப்போது, பதிவுகள் அழிந்தது எதனால், குழுத் தீர்மானத்தில் தெரிந்தே பொய்க்குக் கையெழுத்திட்டது யார்: வரிசை எண் போட்டு எழுதினான். இணையதளத்துக்காரர்களின் பதிலை நகலெடுத்து இணைத்தான்.

திங்கட்கிழமை காலை, மணி அடிக்குமுன், பள்ளி வாசலில் பத்மாவிடம் அதைக் கொடுத்தான். அவர் நின்றபடியே படித்தார். ஒரு முறை படித்து முடித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"நான் போன் பண்ணினேனே, அன்னிக்கே?"

"ஆமாம்."

பத்மா தாளை நாலாக மடித்தார். "என் பையன் அப்பப்ப என் போன எடுத்து கேம் ஆடுவான். அவன்தான் அழிச்சிருப்பான்னு அன்னைக்கு ராத்திரி அவன அடிச்சேன் சார். இல்லம்மா, இல்லம்மான்னான். பொய் சொல்றியான்னு மறுபடி அடிச்சேன்." அவர் குரல் ஏறவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத எந்தக் கடிதத்துல எழுதுவீங்க?"

அழகேசன் தலை குனிந்தான். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஏற்கெனவே அதை அவரே தன்னிடம் கேட்டாகிவிட்டது என்ற நினைப்பில் அங்கேயே நின்றுபோயிற்று.

"நானே கொண்டுபோய்க் குடுக்கட்டுமா டீச்சர்? இல்ல, உங்க விளக்கத்தோட சேத்து..."

"வேண்டாம்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "என் கையால போனா நான் எழுதி வாங்கினதுன்னு சொல்லுவாங்க. நீங்க நேர்ல போனா சமாதானம் பேச வந்தான்னு சொல்லுவாங்க. தபால்ல போடுங்க, சார். இன்னிக்கே. ரசீது பத்திரம்."

மணி அடித்தது. பத்மா உள்ளே போனார். கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து வாசிக்கச் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. தெருமுனை திரும்பும் வரை அந்தப் பிள்ளையின் குரல் எழுத்துக் கூட்டிக்கொண்டே பின்னால் வந்தது.

பூந்தமல்லி தபால் நிலையத்தில் வரிசை நீளமில்லை. ஸ்பீட் போஸ்ட் ஜன்னலில் இருந்த பெண் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒட்டலியே, சார். பசை அதோ அங்க இருக்கு."

அழகேசன் ஓரமாகப் போய் நின்றான். கடிதத்தை வெளியே எடுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தான். ஐந்தாவது எண்ணுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து, 'இதனால் ஆசிரியைக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நேர்ந்த துன்பத்துக்கு நானே பொறுப்பு' என்று எழுதி, மை காயும் வரை ஊதினான். உறைக்குள் போட்டான். பசையைத் தடவி, மடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் அழுத்தினான்.

அவள் எடை போட்டாள், பட்டைக் குறியீட்டை ஒட்டினாள், ரசீதைக் கிழித்துத் தந்தாள். உறையைத் தனக்குப் பின்னாலிருந்த சாக்கில் போட்டுவிட்டு, "அடுத்தது" என்றாள்.