ஐம்பதாயிரம் முட்டை

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கு அழுகிவிடட்டும். என் நாக்கின் மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக என் பல்செட்டின் மேலும் சத்தியம் செய்கிறேன். அது புதிது.

என் மனைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும்தான். கல்யாணமான புதிதில் நானே வாய் தவறிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் தம்பி, அதாவது என் மச்சான், கடைவீதியில் ஒரு மாடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். மத்தியானம் அவன் சாப்பிட்டுப் படுக்கப் போனால், திரும்பி வரும்வரை அக்காதான் கடையைப் பார்த்துக்கொள்வாள்.

அங்கே பீரோ உயரத்தில் ஒரு மிஷின் இருந்தது. திரையின் மேலே கோழிகள் முட்டை போடும். கீழே கூடையை நகர்த்தி நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், அதிகம் பிடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். பெயருக்கு மூன்றே எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.

அக்கா போய்ச் சேர்ந்தாள். கடையும் படுத்துவிட்டது. மச்சான் வந்து என் கையைப் பிடித்தான்.

"அத்தான், முட்டை மிஷின்ல முதல் இடத்துல யார் இருக்காங்கன்னு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஏ, கே, ஏ. ஐம்பதாயிரம்.

"அக்கா," என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கடையில ஆளில்லாதப்ப ஆடியிருக்கு. எங்கிட்டகூடச் சொல்லல பாருங்களேன்."

அவளுக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. ஐம்பதாயிரம் என்றால் ஐம்பதாயிரம். முன்னே பின்னே ஒரு முட்டை கிடையாது.

"நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. ஆனா ஒண்ணு, கரண்டு மட்டும் போகவே கூடாது. போச்சுன்னா பேரு அழிஞ்சிடும்."

இதை எடைக்குப் போடலாம் என்றாலும் மாடியிலிருந்து இறக்க ஆள் வரமாட்டேன் என்கிறான் என்று அதற்குச் சற்று முன்புதான் புலம்பியிருந்தான். அப்படிப்பட்ட பொருளை எனக்கென்று எடுத்து வைத்தானே, தங்கமான பிள்ளை.

கரண்டு போகாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? மிஷினின் ஒயரில் இன்னொரு பிளக்கைச் சேர்த்து முறுக்கினேன். ஒன்று இந்த வீட்டுச் சுவரில் இருக்கும்போதே மற்றதை அடுத்த வீட்டில் சொருக வேண்டும். அப்புறம் இதைப் பிடுங்கி அதற்கும் அடுத்த வீடு. "கொஞ்சம் பிளக் பாயின்ட் குடுங்க, என் சம்சாரம் வர்றா" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சலூன்காரர் பாதி சிரைத்த முகத்தை நுரையோடு விட்டுவிட்டு, தன் ஃபேனைப் பிடுங்கி இடம் கொடுத்தார். இரண்டாவது பிளக்கைத் தொட்ட இடத்தில் எழுந்து நின்ற என் தலைமுடி இன்னும் உட்காரவில்லை. எனக்கு வழுக்கை என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

பிறகு கூடத்தில் லாரி பேட்டரிகளை அடுக்கினேன். மின்வெட்டு என்றால் லைன்மேன் முதலில் என் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்து, "அக்கா, கொஞ்ச நேரம் கரண்டு போகும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கம்பம் ஏறுவார்.

நான் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தப்பித் தவறி ஜெயித்துத் தொலைத்தால் அவள் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவாளே. ஊருக்கும் போகவில்லை. மகள் பிரசவத்துக்கும் போகவில்லை.

"அம்மா செத்துட்டாங்கப்பா!" என்று போனில் கத்தினாள்.

"இல்லம்மா, முதல் இடத்துல இருக்கா" என்றேன்.

அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதில்லை. பேரன் பிறந்தானா பேத்தி பிறந்தாளா என்பதை மச்சான்தான் வந்து சொன்னான்.

திரை மங்க ஆரம்பித்தது. முதலில் கோழிகள் போயின, பிறகு கூடை. ஏ, கே, ஏ மட்டும் கண்ணை இடுக்கினால் தெரிந்தது. அப்போதுதான் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய வீடியோ கேம்களை அடுத்த தலைமுறைக்காகப் பாதுகாக்கிறார்களாம். எப்படிக் கேள்விப்பட்டாள் என்றால், மச்சான்தான் சொல்லியிருக்கிறான்.

"பிக்சர் டியூப் போயிடுச்சு சார். இப்படியே விட்டா ஒண்ணுமே தெரியாது. எங்ககிட்ட மாத்து டியூப் இருக்கு."

"இதுல என் சம்சாரம் இருக்கும்மா."

"ஒண்ணும் ஆகாது சார். டியூபைத் தவிர எதையும் தொடமாட்டோம். எப்படி இருக்கோ அப்படியே வச்சிருப்போம்."

அப்படியே. அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். எனக்கு அப்படியே என்றால் ஓடிக்கொண்டே என்று பொருள். அவளுக்கு அப்படியே என்றால் பெட்டி, பெயின்ட், பட்டன்.

ஆட்களோடு வந்தாள். எல்லோரும் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். மிஷினுக்குக் கீறல் படாமல் மெத்தை சுற்றினார்கள். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துப் பிடித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பிளக்கையும் ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரீங்காரம் நின்றது. என் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்னம்மா பண்ணிட்ட?"

"சேஃப்டி சார்" என்றாள், சிரித்த முகமாக.

நான் அழவில்லை. உட்கார நாற்காலி கேட்டேன். நாற்காலி மேலெல்லாம் பேட்டரி.

திறப்பு விழாவுக்கு மச்சான் என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் மிஷின். 'தொடாதீர்கள்' என்று பலகை. அந்தப் பெண் சுவிட்சைப் போட்டாள். கோழிகள் வந்தன, கூடை வந்தது, பட்டியல் வந்தது. முதல் இடத்தில் ஏ, கே, ஏ. ஐம்பதாயிரம்.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். இந்த முறை திட்ட ஆளில்லை. திரும்பிப் பார்த்தால், மச்சான் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அந்த மிஷினை எப்போது, எங்கே சொருகினாலும் முதல் இடத்தில் ஏ, கே, ஏ, ஐம்பதாயிரம் என்றுதான் வரும். தொழிற்சாலையில் அப்படியே எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.